பத்தாவது பெட்டி

எங்கள் மீன்வள அலுவலகத்தில் அவரை மில்லிமீட்டர் என்றுதான் சொல்வோம். நேரில் பேசும்போது மட்டும் பின்னால் ஓர் அக்கா சேர்ந்துகொள்ளும். துறைமுக வாசல் காவலாளி முதல் ஐஸ் வண்டி ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. போன மாதம் அந்தப் பெயர் பதிவேட்டை விட்டே போக இருந்தது. காரணம் நான்தான். இன்று காலை அது வழக்கம்போல ஏழாவது வரியில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் வேலை மீனை அளப்பது. அதிகாலையில் படகுகள் வந்து சேரும். ஏலக் கொட்டகையில் பெட்டிகள் வரிசையாக இறங்கும். வியாபாரிகள் கூடுவதற்குள் அவர் தன் அளவுப் பலகையோடு வந்து நிற்பார். பலகையின் ஒரு முனையில் செங்குத்தாக ஒரு தடுப்பு. மீனின் மூக்கை அதில் முட்டவைத்து, வாலை நீட்டிப் பிடித்து, கோட்டைப் பார்த்து எழுதுவார். ஒரு மீனுக்கு நான்கு விநாடி. இருபத்தொன்றா இருபத்தொன்றரையா என்று மற்றவர்கள் தயங்கும் இடத்தில் அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மில்லிமீட்டரில் சொல்வார். பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

எட்டாம் வகுப்புவரை படித்தவர். சட்டை தைக்கும் ஆலையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். ஆலை மூடியது. 'அளவையாளர் தேவை' என்று ஒரு அறிவிப்பைப் பார்த்து மனுப் போட்டார். வேலைக்கு வந்த முதல் நாள் காலைவரை துணி அளக்கும் வேலை என்றே நினைத்திருக்கிறார். கழுத்தில் டேப் தொங்க வந்தவரிடம் ரப்பர் பூட்ஸைக் கொடுத்தார்களாம். "போட்டுப் பார்த்தேன், சரியா இருந்துச்சு. அப்புறம் எங்க திரும்பிப் போறது" என்பார். அது பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கதை.

அவருக்கு ஒரு முறை உண்டு. கொட்டகை வாசலிலிருந்து பெட்டிகளை எண்ணிக்கொண்டே போவார். பத்தாவது பெட்டி, இருபதாவது, முப்பதாவது. எது வந்தாலும் அதுதான். அந்தப் பெட்டியிலுள்ள அத்தனை மீனையும் அளப்பார். நல்ல பெட்டி, கெட்ட பெட்டி என்று பார்க்கமாட்டார். பார்க்கவே கூடாது என்பதற்காகத் தரையில் தெரியும் பெட்டியின் அடிப்பாகத்தை மட்டும் எண்ணுவார். பெருத்த உடம்புள்ள ஒரு வியாபாரி ஒருமுறை பத்தாவது பெட்டியை இழுத்துக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

"அண்ணே, அந்தப் பெட்டியை வச்சுட்டுப் போங்க."

"அது நல்ல மீனும்மா. வேற ஏதாவது அள."

"வேறதுக்கு என் பேரு எழுதலை. அதுக்குத்தான் எழுதியிருக்கு."

"மீனுக்குச் சட்டையா தைக்கப் போற, இந்த அளவு அளக்குற?"

"உங்களுக்குத் தைக்கலாம்னுதான் இருந்தேன். துணி பத்தாது, அதான் மீனுக்கு."

கொட்டகையே சிரித்தது. பெட்டி திரும்பி வந்தது.

இதை நானே நேரில் பார்த்தவள். பார்த்தும் அறிக்கையில் அவரைப் பற்றி அப்படி ஒரு வரி எழுதினேன் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா பேருந்துப் பணிமனையில் டயர் மாட்டுகிறவர். வீட்டில் யாரும் என் கணக்கைச் சரிபார்த்ததில்லை, பார்க்க முடிந்ததுமில்லை. எட்டாவது படிக்கும்போதே நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அச்சில் வந்த எதையும் எங்கள் வீட்டில் மரியாதையாகத்தான் மடித்து வைப்போம், பழைய கேஸ் ரசீது உட்பட. அந்தப் பழக்கம் என்னோடு கல்லூரிக்கும் வந்தது, அங்கிருந்து இந்த அலுவலகத்துக்கும் வந்தது.

இங்கே எனக்கு முதலில் கொடுத்த வேலை, வெள்ளிவாலன் என்று துறைமுகத்தில் சொல்லும் மீனைப் பற்றி ஓர் அறிக்கை. எங்கள் கடலில் அதிகம் பிடிபடுவது அதுதான். மில்லிமீட்டர் அக்காவின் அளவுகளை எடுத்து, மீன்களின் வயதைக் கணக்கிட்டு, கூட்டம் எப்படி இருக்கிறது என்று சொல்லவேண்டும். நீளத்தை வயதாக மாற்ற ஓர் அட்டவணை இருந்தது. அழகாக அச்சிட்டு, கண்ணாடிச் சட்டத்தில் சுவரில் மாட்டியிருந்தார்கள். பதினான்கு சென்டிமீட்டர் என்றால் ஒரு வயது. பத்தொன்பது என்றால் இரண்டு. இருபத்துமூன்று மூன்று வயது, இருபத்தாறு நான்கு, இருபத்தெட்டு ஐந்து.

நான் அளவுகளை அட்டவணையில் போட்டேன். கடந்த மூன்று வருடமாக வந்த மீன்களில் பெரும்பாலானவை பத்தொன்பது முதல் இருபத்தொன்றுவரை. அதாவது எல்லாம் இரண்டு வயதுக் குட்டிகள். நான்கு, ஐந்து வயது மீன்களைக் காணவே காணோம்.

வயதான மீன்கள் செத்திருந்தால் கூட்டம் அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் படகுகள் முன்னைவிட இருமடங்கு மீனோடு திரும்பின. அழியும் கூட்டத்திலிருந்து இவ்வளவு மீன் வராது. ஆகவே பெரிய மீன்கள் கடலில் இருக்கின்றன, நம் அளவுக்கு மட்டும் வரவில்லை. எனக்கு அது மிகவும் புத்திசாலித்தனமான முடிவாகத் தோன்றியது. பெரிய மீன் பெட்டிகளை வியாபாரிகள் தொடவிடுவதில்லை என்று எல்லாத் துறைமுகங்களைப் பற்றியும் பாடப்புத்தகம் சொல்கிறது. எனவே எழுதினேன்: 'அளவையாளர் எளிதில் கிடைத்த சிறிய மீன்களையே அளந்திருக்கக்கூடும்.'

ஒரே ஒரு வரி. அதை எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டார். பத்து நாளில் உத்தரவு வந்தது. மூன்று வருட அளவுகளையும் கணக்கில் சேர்க்கவேண்டாம். அளவையாளரின் பணி மாதக் கடைசியோடு முடிவுறுகிறது. மாதக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது.

நான் போய்ச் சொன்னேன், "சார், நான் இருக்கலாம்னுதான் எழுதினேன். இருக்குன்னு எழுதலையே."

"நீ எழுதினது சரிதானேம்மா? சரின்னா அதுக்கு மேல என்ன?"

அன்று மாலை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்மா, மனசைப் போட்டு அலட்டிக்காத" என்றார். அந்த ஆறுதலைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தப்பாக இருந்தால் சொல்வதற்கு எனக்கு யாருமே இல்லை.

மறுநாள் மாலை மில்லிமீட்டர் அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை. அவர், ஐஸ் ஆலையில் பழுது பார்க்கும் அவர் கணவர், மூன்று மகள்கள், கணவரின் தம்பி, தம்பி மனைவி. வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு. உள்ளே ஒரு மகள் அலமாரிமேல் புத்தகத்தை விரித்து நின்றபடி படித்துக்கொண்டிருந்தாள், உட்கார இடமில்லாமல்.

"வாங்க பட்டதாரி" என்றார் மில்லிமீட்டர் அக்கா. என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கையில் வெங்காயமும் கத்தியும். "உத்தரவு வந்துச்சு. காரணம்னு ஒண்ணும் போடலை. நீ ஏதாவது கேள்விப்பட்டியா?"

"நான்தான் எழுதினேன்க்கா."

கத்தி நின்றது. அவர் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். நான் அறிக்கையில் எழுதியதை அப்படியே சொன்னேன். பெரிய மீன், சிறிய மீன், வியாபாரிகள், எல்லாம்.

அவர் திட்டவில்லை. வெங்காயத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"எல்லாம் ரெண்டு வயசுன்னு சொல்றியே, எப்படித் தெரியும்?"

"அட்டவணை இருக்கு. நீளத்தை வச்சு வயசு."

"சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கே, அதா?"

"அதுதான்க்கா."

"அது பதினாறு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. அதுக்கு மீன் அளந்தது யாருன்னு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை.

"இந்தக் கைதான். அப்ப சரியா அளந்த கை இப்ப பொறுக்கி எடுக்குதாம். நல்லா இருக்கு கதை."

"அக்கா—"

"இரு. காதுக்கல்லை உடைச்சுப் பார்த்தியா இல்லையா?"

மீனின் தலைக்குள், மூளைக்கு அடியில் சிறு வெள்ளைக் கல் ஒன்று இரு பக்கமும் இருக்கும். அரிசி அளவுதான். மரத்துக்குள் இருப்பதுபோல அதிலும் வருடத்துக்கு ஒரு வளையம் விழும். மீனின் உண்மையான வயது அதில்தான் இருக்கிறது. கல்லூரியில் அதைப் பற்றிப் பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியிருக்கிறேன். ஒரு கல்லைக்கூட உடைத்ததில்லை.

"இல்லக்கா."

"மாசம் இருபது மீனோட கல்லை எடுத்துக் கவர்ல போட்டு அனுப்புறேன். மூணு வருஷமா. அதெல்லாம் என்ன பண்றீங்க, மாலை கோக்குறீங்களா?"

அவர் கணவர் சிரித்துவிட்டு, நான் இருப்பதைப் பார்த்து இருமினார். நான் கிளம்பும்போது அக்கா கதவுவரை வந்தார். "உன்மேல கோபம் இல்லைன்னு சொல்லமாட்டேன். இருக்கு. ஆனா நீ வந்து சொன்னே. வேற யாரும் வரலை."

எங்கள் அலுவலகத்தில் கல்லின் வளையங்களைப் படிப்பவர் மூன்று வருடத்துக்கு முன் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கவர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அலமாரியின் அடித்தட்டில், நான்கு செருப்புப் பெட்டிகளில் அவற்றைக் கண்டெடுத்தேன். எழுநூறுக்கு மேல். ஒவ்வொரு கவர் மேலும் பென்சிலில் நாள், நீளம், பெட்டி எண். பெட்டி 10. பெட்டி 20. பெட்டி 30. பெட்டி 10. ஏழோ பதினாலோ ஒரு இடத்திலும் இல்லை. பெட்டிகளைப் பொறுக்கியெடுத்தவர் இப்படி எழுதமாட்டார். என் வரி பொய் என்று பாதி அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் பெரிய மீன்கள் எங்கே என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதற்குப் பதில் இல்லாமல் தலைவர் உத்தரவை மாற்றமாட்டார்.

கல்லைக் குறுக்கே உடைக்கவேண்டும். உடைந்த முகத்தைத் தீயில் இலேசாகக் காட்டினால் வளையங்கள் பழுப்பாகத் தெரியும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். முதல் பன்னிரண்டு கற்களை நான் கரியாக்கினேன். பதின்மூன்றாவது பழுப்பாக வந்தது. இந்த வருடம் பிடித்த இருபது சென்டிமீட்டர் மீன். எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

தூசியாக இருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

அடுத்தது பத்தொன்பதரை. நான்கு. அடுத்தது இருபத்தொன்று. ஐந்து. நான் குட்டி என்று எழுதியவை எல்லாம் நடுவயது கடந்தவை. பெரிய மீன்கள் எங்கும் போகவில்லை. அவை பெரிதாகவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் வளையங்கள் அவ்வளவு நெருக்கமாக விழுந்திருந்தன.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஏன் வளரவில்லை என்பதற்குத் துறைமுகத்தின் பழைய பதிவுகளே போதுமாக இருந்தன. ஆறு வருடத்துக்கு முன் துறைமுக வாயைத் தூர்வாரினார்கள். இரண்டு வருடம் பாதிப் படகுகள்தான் கடலுக்குப் போயின. அதே சமயத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்திருந்ததைக் கற்களே காட்டின. கடலில் வெள்ளிவாலன் நெருக்கியடித்தது. இரை மட்டும் அதே அளவு. ஆயிரம் வாய்க்கு இருந்தது மூவாயிரம் வாய்க்குப் பங்காகும்போது யாரும் பட்டினியால் சாகவேண்டியதில்லை; எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் குறைவாக வளர்வார்கள். பதினாறு வருடத்துக்கு முன் கடல் விசாலமாக இருந்தது, அப்போதைய மீனுக்கு அப்போதைய அட்டவணை சரி. நான் அதை இப்போதைய மீனுக்குப் போட்டேன். குட்டையான பெரியவர்களின் உயரத்தைப் பார்த்து எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எழுதிவைத்ததுபோல.

இன்னொன்றும் தெரிந்தது. உண்மையில் ஒன்று, இரண்டு வயதுள்ள மீன்கள் மிகக் குறைவு. தாய்கள் இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் இல்லை. வயிறு நிறையாத தாய் குறைவாக முட்டையிடும்; பொரிந்த குஞ்சுகளும் அதே நெருக்கடியில்தான் இரை தேடவேண்டும்; பசித்த பெரிய மீன்கள் அந்தக் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. கூட்டம் பெருத்தால் பிள்ளைகள் பெருகும் என்று நான் நினைத்திருந்தேன். ஓர் அளவுக்கு மேல் அது தலைகீழ். அதையும் பாடத்தில் படித்திருக்கிறேன், வளைகோட்டோடு. வளைகோட்டைப் படித்தபோது அதற்குள் மீன் இருப்பது தோன்றவில்லை.

என் எண்ணிக்கையை நானே நம்பக்கூடாது என்று இந்தமுறை தோன்றியது. அறுபது மீன்களின் இன்னொரு பக்கக் கற்களை எடுத்து, நீளத்தை எழுதாமல் வெறும் எண் மட்டும் போட்டு, கடற்கரையின் மறுகோடியில் இருந்த வேறொரு மீன் ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினேன். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருக்கும்போது பதில் வந்தது. ஐம்பத்துமூன்று கற்களில் எனக்கும் அங்கே எண்ணியவருக்கும் ஒரே வயது. மீதி ஏழில் ஒரு வருடம் முன்பின்.

தலைவரின் மேசையில் தாளை வைத்தேன். அவர் இரண்டுமுறை படித்தார்.

"அப்போ நாம குட்டி குட்டின்னு சொன்னதெல்லாம் கிழமா?"

"ஆமாம் சார்."

"நிஜக் குட்டி?"

"ரொம்பக் கம்மி சார். இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல இந்தக் கூட்டம் வயசாகிச் செத்துப் போயிடும். பின்னாடி வர்ற கூட்டம் சின்னது. அதைத்தான் இப்பவே கவனிக்கணும். இந்த மூணு வருஷ அளவை விட்டுட்டா நமக்கு அது தெரியவே தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "அந்தம்மா சரியாத்தான் அளந்திருக்காங்க."

"மில்லிமீட்டர் கணக்குல சார்."

"நீ இதை எழுதிக்கொடு. உன் கையெழுத்துல. நான் உத்தரவை ரத்து பண்றேன்." பிறகு கதவருகே போன என்னை நிறுத்தி, "முதல் அறிக்கையிலயே இதைப் பண்ணியிருக்கலாமேம்மா" என்றார். திட்டினார் என்றுதான் சொல்லவேண்டும். எனக்கு அது குளிர்ந்த தண்ணீர் குடித்ததுபோல இருந்தது. ஒருவர் என்னைச் சரிபார்த்துவிட்டார்.

மறுநாள் காலை கொட்டகைக்கு ஓடினேன். அக்கா முப்பதாவது பெட்டியில் இருந்தார். நான் வாயைத் திறந்ததும், "வெளிச்சத்தை மறைக்காத, அந்தப் பக்கம் நில்லு" என்றார். நின்றேன். இன்னும் பதினேழு மீன் இருந்தது. பதினேழையும் அளந்து, பெட்டியை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, "ம், என்ன" என்றார்.

கடிதத்தை நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். 'அளவுகளில் பிழை இல்லை. பழைய அட்டவணையைச் சோதிக்காமல் பயன்படுத்தியது என் பிழை' என்ற வரியில் விரல் நின்றது.

"உன் பேரைப் போட்டே எழுதியிருக்க?"

"ஆமாம்க்கா."

"தலைவர் கையெழுத்து?"

"கீழ இருக்கு."

அவர் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு வாரமாக அவர் தோளை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது, அது தளர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு கைபேசியை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டார்.

"வேலை இருக்கு... ஆமா, அதே வேலைதான்... மீனு வளரலையாம், கூட்ட நெரிசலாம்... என்னது?... சீ, நம்ம வீட்டையும் மீனையும் ஒண்ணாக்காத, நம்ம பிள்ளைங்க நல்லாத்தான் வளருதுங்க... இல்ல, அழலை. ஐஸ் தண்ணி தெறிச்சுது. வச்சுடு."

அந்தப் பெருத்த வியாபாரி எட்டிப் பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் உக்காந்துட்டீங்க? இன்னிக்கு அளவு கிளவு இல்லையா?"

"இருக்குண்ணே. நாளைக்கும் இருக்கு" என்றார் அக்கா.

எழுந்து வரிசையைப் பார்த்தார். நாற்பதாவது பெட்டி ஒரு தூணின் அருகே இருந்தது. பென்சிலையும் தாளையும் என் கையில் கொடுத்தார்.

"எனக்கு இப்ப எழுத்து ஒழுங்கா வராது. நான் சொல்றேன், நீ எழுது. இருபது புள்ளி நாலு."

எழுதினேன்.

"பத்தொன்பது புள்ளி எட்டு. என்ன எழுதினே, காட்டு."

காட்டினேன். அவர் பார்த்துவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.